ஒரே வேனில் பதின்மூன்று கைப்பைகள்



கூட்டாகப் பயணம் போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் மலையையும் கோயிலையும் சொல்வார்கள். கொஞ்சம் நெருங்கிக் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா அந்தக் காசு விஷயத்திலதான்..." என்று குரலைத் தாழ்த்துவார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் பதின்மூன்று பேர் நுவரெலியா போய் வந்த கதையும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்திருக்கும். முடியாமல் போனது எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு வரை நீளும் ஏ 4 நெடுஞ்சாலையில், பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவில் இருக்கிறது ஓப்பநாயக்க. ஒரு காலத்தில் இது ரயில் பாதை முடிகிற ஊர். களனிவெளி சிறு ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1970களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். என் பாட்டி அந்த ரயிலில் இரத்தினபுரிக்குப் போய் வந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சலிக்கமாட்டார். "எல்லாருக்கும் ஒரே டிக்கட், எல்லார் மடியிலயும் சோத்து முடிச்சு. யாரு பெரியவ, யாரு சின்னவன்னு தெரியாது" என்பார்.

எங்கள் பக்கம் றப்பரும் தாழ்நிலத் தேயிலையும்தான். விடியலில் பால் வெட்டப் போகிறவர்கள் உண்டு, கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் உண்டு. வெக்கையும் மழையும் அட்டைக்கடியும் நமக்குப் பழக்கம். குளிர் மட்டும் பழக்கமில்லை. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல் வெள்ளையாய் உறைந்து கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம், "ஒரு தடவையாவது அங்க போய் நிக்கணும்" என்று யாராவது சொல்லுவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அத்தோடு சரி.

2023ஆம் ஆண்டு அந்தச் சிரிப்பு உண்மையாகிவிட்டது. அந்த வருடம் வெசாக் பௌர்ணமி மே 5ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனியும் விடுமுறை. முந்திய வருட நெருக்கடியில் டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த எங்களுக்கு, இரண்டு நாள் எங்காவது போய் மூச்சு விட்டு வரவேண்டும் போலிருந்தது.

நான் செய்த தவறு

நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். எல்லா வீட்டுத் தாய்மாரும் காலையும் மாலையும் என்னிடம் வந்துபோவதால், கணக்குப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேன்காரர் இரண்டு நாளைக்கு 39,000 ரூபாய் கேட்டார். பதின்மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,000. தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் இரண்டு பெரிய அறைகள், ஓர் இரவுக்கு 15,600. ஆளுக்கு 1,200. சித்திரை மாத வசந்தகாலக் கொண்டாட்டம் முடிந்த பிறகு போனதால்தான் அந்த விலை.

அந்த 4,200 ரூபாயை இரண்டு சம்பள நாட்களில் பிரித்து வாங்கினேன். ஒருவரும் பாக்கி வைக்கவில்லை. "சாப்பாடு, டிக்கட் மற்றச் செலவெல்லாம்?" என்று ஒரு சித்தி கேட்டபோது, "அதெல்லாம் போற இடத்தில பாத்துக்குவோம் சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021 மார்ச்சில் வந்த அந்தத் தொகை, 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. அதிலும் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் கழியும். மழை பெய்து பால் வெட்டு நின்றால் அரைப்பேரும் கிடைக்காது. அப்படி வருகிற காசில் "பாத்துக்குவோம்" என்பதற்கு ஆளுக்கு ஆள் வேறு பொருள் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அப்புத்தளையில் வந்த பில்

விடியற்காலை நாலரைக்கு வேன் புறப்பட்டது. பலாங்கொடையைத் தாண்டும்போது வெளுத்தது. பெலிகுல் ஓயாவில் ஆற்றங்கரையில் இறங்கி முகம் கழுவினோம். ஹல்துமுல்லைக்கு மேல் சாலை வளைந்து வளைந்து ஏறும்போது, கீழே தெற்குச் சமவெளி முழுவதும் விரித்த பாய் போலத் தெரிந்தது. பெரகலைச் சந்தியில் திரும்பி அப்புத்தளைக்கு ஏறியதும் ஜன்னல் வழியாகக் குளிர்காற்று உள்ளே வந்தது. "ஐயோ, இதுதான் குளிரு!" என்று எல்லோரும் கத்தினோம். டிரைவர் தம்பி சிரித்து, "இது ஒண்ணுமில்லக்கா, இன்னும் மேல இருக்கு" என்றார்.

அப்புத்தளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். எங்களோடு வந்தவர்களில் ஒரு தங்கச்சி, குவைத்தில் ஐந்து வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு அந்தப் பங்குனியில்தான் திரும்பி வந்திருந்தாள். "எல்லாருக்கும் ரோல்ஸ் கொண்டாங்க, கேக் கொண்டாங்க, பால் டீ கொண்டாங்க" என்று அவளே கட்டளை போட்டாள். மேசை நிறைந்தது. பில் 3,900 ரூபாய் வந்தது.

அவள் கைப்பையைத் திறப்பதற்குள், இன்னொரு அக்கா வேகமாகக் கணக்குப் போட்டு, "ஆளுக்கு முன்னூறு, எடுங்க" என்றார். எல்லோரும் எடுத்தார்கள். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் மதினியும் சேலை முடிச்சை அவிழ்த்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தார். அவர் குடித்தது ஒரு சாயத்தண்ணி மட்டும். அதன் விலை 40 ரூபாய். ரோல்ஸைத் தொடவேயில்லை.

நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறை நாளில் காசுப் பேச்சு எடுத்தால் மற்றவர்களின் மகிழ்ச்சி கெட்டுவிடுமே என்று நினைத்தேன். அதுவரை முன் இருக்கையில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டு வந்த மதினி, அதற்குப் பிறகு பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

தன்சல் வரிசையில்

பண்டாரவளையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் போகும்போது சாலையோரத்தில் கொடி பிடித்து வேனை மறித்தார்கள். வெசாக் தன்சல்! சிங்கள ஊர் மக்கள் வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் சோறும் பருப்பும் மரக்கறியும் அப்பளமும் வைத்துக்கொண்டு, "எண்ட அக்கே, எண்ட" என்று கைபிடிக்காத குறையாக அழைத்தார்கள். குவைத் தங்கச்சியும் மதினியும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மதினி இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "பருப்பு நல்லாருக்குல்ல?" என்று அவளிடம் கேட்டார்.

அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பிற்பாடு கண்ணைத் திறந்தது. அங்கே யாருடைய கையும் மடிக்குப் போகவில்லை. அதனால் யாருடைய முகமும் வாடவில்லை. ஆனால் வழி முழுவதும் தன்சல் இருக்காதே!

வேனுக்குள் இருந்தவர்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. செங்கல் நிறத் தபால் நிலையத்தின் முன்னால் நின்று படம் எடுத்தோம். வெக்கை பொறுக்காத வெள்ளைக்காரத் துரைமார் சித்திரை மாதத்தில் வந்து தங்குவதற்காக வளர்த்த ஊர் இது. இங்கே வரும் பாதைகளை வெட்டியவர்களும் மலைகளில் தேயிலை நட்டவர்களும் நம் முன்னோர். அவர்களுடைய பேத்திகள் நாங்கள், விருந்தாளியாக வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதை நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

விக்டோரியா பூங்காவுக்குள் போக டிக்கட் எடுக்கவேண்டும். அவரவர் எடுத்தோம். மதினி இறங்கவில்லை.

"ஏன் மதினி, வரலியா?"

"காலு குடைச்சலா இருக்கு புள்ள. நீங்க போய்ட்டு வாங்க. நான் சாமானப் பாத்துக்கிறேன்."

உள்ளே பூக்களெல்லாம் கண் கொள்ளாத அழகு. ஆனால் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது, வேனின் கண்ணாடியில் படிந்த ஆவியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மதினி பூங்கா வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காலில் ஒரு குடைச்சலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் மலையேறி இறங்குகிற கால் அது.

அதன் பிறகு குளிர் உடுப்புக் கடைகளுக்குப் போனோம். குவைத் தங்கச்சி தனக்கொன்று, அம்மாவுக்கொன்று, பிள்ளைகளுக்கு இரண்டு என்று நாலு ஜெக்கட் வாங்கினாள். மதினிக்கும் ஒரு கம்பளிச் சால்வையை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவர் தோளில் போட்டு, "இதக் கட்டிக்கங்க மதினி, பாவம் நடுங்குறீங்க. காச நான் குடுக்கிறேன்" என்றாள்.

மதினி அந்தச் சால்வையை மடித்துக் கடைக்காரரின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேனுக்கு நடந்தார்.

அன்றிரவு

இரவில் இரண்டு அறைக்காரரும் ஒரே அறையில் கூடிக் கொண்டுபோன ரொட்டியையும் கட்டச் சம்பலையும் சாப்பிட்டோம். பத்து மணிக்கு மேல் வெடித்தது. ஆளுக்கு முன்னூறு என்று கணக்குப் போட்ட அக்காதான் ஆரம்பித்தார். "காசு இருக்குன்னு காட்டுறதுக்குத்தான் சில பேரு வந்திருக்காங்க" என்றார். குவைத் தங்கச்சி அழுதுவிட்டாள்.

"அஞ்சு வருசமா நான் ஒரு ரோல்ஸ் வாங்கித் திங்கலக்கா. மாசாமாசம் சம்பளத்த அப்படியே அனுப்பினேன். வீட்டுக்குக் கூரை போட்டது, தம்பி கல்யாணம், எல்லாம் அதுலதான். எனக்குன்னு நான் செலவழிக்கிற முதல் காசு இது. சந்தோசமா எல்லாருக்கும் வாங்கிக் குடுக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?"

அறை முழுக்க அமைதி. பிறகு மதினி பேசினார். குரல் உயரவில்லை.

"தப்பில்ல புள்ள. எங்கிட்ட காசு இல்லாமலும் இல்ல. மடியில ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்கு. மூத்தவ உயர்தரம் எழுதப் போறா. டியூசன் காசு பத்தாம் திகதி கட்டணும். அதத் தொடக்கூடாதுன்னு எம்மனசுல ஒரு கோடு போட்டுக்கிட்டு வந்தேன். அத எல்லார் முன்னாலயும் சொல்ல வெக்கமாருந்திச்சு. நீ 'பாவம்'னு சொன்னியே, அதுதான் புள்ள தாங்க முடியல."

நான் அதுவரை இருவரைப் பற்றியும் தவறாகத்தான் நினைத்திருந்தேன். கையை விரித்துச் செலவழிக்கிறவள் பெருமைக்காரி என்றும், கையை மூடிக்கொள்கிறவர் இல்லாதவர் என்றும் நினைத்தேன். இரண்டுமே இல்லை. ஒருத்திக்கு அந்தச் செலவு ஐந்து வருட உழைப்பின் விடுதலை. இன்னொருவருக்கு அந்தச் சிக்கனம் மகளுக்குக் கொடுத்த வாக்கு. செலவழிக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரியாமல் நாம் பில்லை மட்டும் பிரிக்கிறோம்.

"தப்பு என்னோடதுதான். 'பாத்துக்குவோம்'னு சொன்னது நான்தானே" என்றேன். சித்தி உடனே, "சரி, இப்பப் பாப்போம்! கொப்பிய எடு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கொப்பியில் எழுதியது

நள்ளிரவு வரை போர்வைக்குள் கால் நீட்டிக்கொண்டு பேசி, மறுநாளுக்கு மூன்று முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, பொதுப்பை. காலை, மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர், எல்லோரும் சேர்ந்து போகும் ஒரே ஒரு டிக்கட் இடம். இதற்கு ஆளுக்கு 1,000 ரூபாய். தொகையை முதலில் சொன்னது மதினி. குறைவாகச் செலவழிக்க நினைப்பவர் வாயிலிருந்து தொகை வரட்டும் என்று சித்திதான் அப்படிச் செய்தார். அவரால் முடிந்தது எல்லோராலும் முடியும் அல்லவா?

இரண்டாவது, அவரவர் பை. படகு, குதிரை, ஜெக்கட், ஸ்ட்ரோபரி எல்லாம் விரும்பியவர் விரும்பியபடி. வாங்குகிறவரைப் பார்த்து "ஆடம்பரம்" என்றோ, வாங்காதவரைப் பார்த்து "கஞ்சத்தனம்" என்றோ ஒருவரும் சொல்லக்கூடாது. கேலியாகக்கூடச் சொல்லக்கூடாது.

மூன்றாவது, எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகவேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரிந்து போகலாம், குறித்த நேரத்தில் கூடினால் போதும்.

ஏரியில் ஒரு வெற்றிடம்

மறுநாள் காலை பொதுப்பை டிக்கட்டில் பதின்மூன்று பேரும் கிரகரி ஏரிக்குள் போனோம். 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் உருவாக்கிய ஏரி. தண்ணீரின் மேல் புகை போலப் பனி எழுந்துகொண்டிருந்தது. அன்னம் போன்ற மிதிபடகுகள் கரையில் நின்றன.

குவைத் தங்கச்சி ஒரு படகை வாடகைக்கு எடுத்தாள். பிறகு மதினியிடம் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, "மதினி, எனக்குத் தண்ணியின்னா பயம். வாடகை படகுக்குத்தான், ஆளுக்கில்ல. ஒரு எடம் சும்மா கிடக்கு. தொணைக்கு வாறீங்களா?" என்று கேட்டாள்.

மதினி சிறிது யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். நடு ஏரியிலிருந்து அவருடைய சிரிப்புச் சத்தம் கரைவரை கேட்டது.

முந்திய நாள் சால்வையும் அன்றைய படகும் கொடுத்தது ஒரே கைதான். சால்வை "உன்னிடம் இல்லை" என்று சொன்னது. படகு "எனக்கு நீ வேண்டும்" என்று சொன்னது. சகோதரிகளே, உதவி செய்யக்கூடியவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

பிறகு திரும்பும் வழியில் சீதாஎலியவில் நிறுத்தினோம். சீதை அம்மன் கோயிலை ஒட்டி ஓடும் ஓடையில், அனுமனின் பாதம் என்று மக்கள் வணங்கும் குழிகள் பாறையில் இருக்கின்றன. தட்டு நிறையப் பழம் வைத்து அர்ச்சனை செய்தவர்களும் இருந்தார்கள், உண்டியலில் ஒரு நாணயம் போட்டவர்களும் இருந்தார்கள். ஐயர் எல்லோருக்கும் ஒரே அளவு திருநீறுதான் கொடுத்தார்.

பக்கத்திலேயே ஹக்கல தாவரவியல் பூங்கா. மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக 1861இல் ஆரம்பித்த தோட்டம் அது. ஐந்து பேர் அவரவர் காசில் போனார்கள். எட்டுப் பேர் ஓடைக்கரையில் உட்கார்ந்து கதை பேசினோம். ஒருவருக்கும் கால் வலிக்கவில்லை!

வீடு திரும்பும் வழியில் வேனுக்குள்ளேயே கணக்கு வாசித்தேன். பொதுப்பையில் சேர்ந்தது 13,000 ரூபாய். செலவு 11,830. மீதி 1,170. ஆளுக்கு 90 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். அந்த 90 ரூபாயை வாங்கியபோது எல்லோருடைய முகத்திலும் வந்த மலர்ச்சியை நான் எந்தப் பூங்காவிலும் காணவில்லை.

பனிமலையிலும் இதே கதை

இது தோட்டத்து ஏழைப் பெண்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவரின் உறவினர் சுவிற்சர்லாந்தில் இருக்கிறார். அங்கே குளிர்காலத்தில் நண்பர்கள் கூட்டமாகப் பனிச்சறுக்கு விளையாடப் போவார்களாம். மலையுச்சிக்கு ஏற்றும் கம்பி வண்டிக்கு டிக்கட், சறுக்குப் பலகைக்கு வாடகை, அதற்கான சப்பாத்துக்கு வாடகை, புதியவராக இருந்தால் சொல்லிக்கொடுப்பவருக்குக் கூலி. பனியில் கால் வைக்கும் முன்பே இத்தனை செலவு. சொந்தப் பலகையும் சப்பாத்தும் உள்ளவர்களுக்கு அது தெரியாது. முதல் தடவை வருகிறவர் வெட்கத்தால் வாய் திறக்காமல் கடன் அட்டையில் கட்டிவிட்டு, மாதக்கணக்கில் அடைப்பாராம். "தலைவலிக்குது, நீங்க போங்க" என்று அறையிலேயே படுத்துவிடுகிறவர்களும் உண்டாம். எங்கள் மதினியின் கால் குடைச்சலும் அந்தத் தலைவலியும் ஒரே நோய்தானே?

காஷ்மீரில் குல்மார்க் என்ற பனிச்சறுக்கு மலையில் கம்பி வண்டி இரண்டு கட்டமாக ஏறுகிறது. இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்துக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டிக்கட். குடும்பமாகப் போகிறவர்கள் அடிவாரத்திலேயே "நாம் எதுவரை?" என்று பேசிக்கொள்வது நல்லது. பாதி வழியில் பேசினால், மேலே போகிறவருக்கும் சுகமில்லை, நின்றுவிடுகிறவருக்கும் சுகமில்லை.

நீங்கள் புறப்படும் முன்

கதிர்காமமோ, சிவனொளிபாத மலையோ, நுவரெலியாவோ, எங்கே போனாலும் இவற்றை மனதில் வையுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒருநாள் கூடி உட்காருங்கள். வேன், தங்குமிடம் மட்டுமல்ல, சாப்பாடு, டிக்கட், தேத்தண்ணிச் செலவுவரை பேசுங்கள். பொதுச் செலவு ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுங்கள். எங்கள் பயணத்துக்கு, முதல் நாள் தேத்தண்ணிக் கடைச் செலவு நீங்கலாக, ஆளுக்கு 5,110 ரூபாய் ஆனது. அன்றைய சம்பளத்தில் ஐந்து நாளைக்கு மேல். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவரவர் தயாராக வந்திருப்பார்கள், அல்லது அடுத்த முறை வருகிறேன் என்று தலைநிமிர்ந்து சொல்லியிருப்பார்கள்.

தொகையைத் தீர்மானிக்கும்போது அதிகம் கொடுக்கக்கூடியவர் முதலில் வாய் திறக்காமல் இருக்கட்டும்.

சாப்பிடாத பண்டத்துக்குப் பங்கு கேட்காதீர்கள். "எல்லாருக்கும் நான் வாங்கித் தாறேன்" என்று சொல்பவர், பில் வரும் முன்பே அதைச் சொல்லிவிடட்டும்.

ஒருவர் கடன் வாங்கித்தான் வரமுடியும் என்றால் வற்புறுத்தி இழுக்காதீர்கள். இரண்டு நாள் மகிழ்ச்சிக்கு ஆறு மாத வட்டி கட்டவைப்பது அன்பாகாது.

கணக்கைக் கொப்பியில் எழுதி எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். மீதி பத்து ரூபாயாக இருந்தாலும் பிரித்துக் கொடுங்கள், அல்லது எல்லோரையும் கேட்டு வையுங்கள்.

அந்தப் பயணம் முடிந்த மறுமாதமே நாங்கள் ஒரு பயணச் சீட்டு ஆரம்பித்தோம். சம்பள நாளில் ஆளுக்கு 250 ரூபாய். அடுத்த வருடம் மாசி மாதத்தில் அந்தக் காசில் பலாபத்தலைப் பாதையால் சிவனொளிபாத மலை ஏறினோம். வழியில் யார் கையும் தயங்கி மடிக்குப் போகவில்லை. சீட்டுப் பணத்தையும் கொப்பியையும் இப்போது வைத்திருப்பது நானல்ல, மதினி. வேனில் அவர் முன் இருக்கையில்தான் உட்காருகிறார்.